உயர்த்திய வண்டியும் எண்ணெய்ச் செலவும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் சித்தூர்ச் சீமையின் சாலைகளெல்லாம் மாங்காய் மணக்கத் தொடங்கும். தமிழர்களாகிய நாம் கிளிமூக்கு என்றும், தெலுங்கு மக்கள் தோத்தாபுரி என்றும் வழங்கும் அந்த மாங்காய், தோப்புகளிலிருந்து பழக்கூழ் ஆலைகளை நோக்கிப் பிரயாணமாகும் பருவம் அது. பங்காருபாளையம் மண்டியின் வாயிலிலும் ஆலைகளின் வாயிலிலும் டிராக்டர்களும், பிக்கப் என்று எல்லோரும் அழைக்கும் சிறு சுமை வண்டிகளும் நீண்ட வரிசையில் நின்றிருக்கும். அவ்வரிசையைச் சற்று ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே உயரத்தில் நிற்கும் வண்டிகள் குறைவு. சிலவற்றின் பின்புறம் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளால் உயர்ந்திருக்கும். சிலவற்றின் பக்கப் பலகைகளுக்கு மேல் இரும்புத் தட்டிகள் எழும்பியிருக்கும். இன்னும் சில, பெரிய சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, நெடுங்கால்களில் நிற்பவைபோல் காணப்படும்.

இவ்வாறு வண்டியை உயர்த்துவதனால் டீஸல் அதிகமாகச் செலவாகிறதா? ஆகிறதெனில் எவ்வளவு? எந்த வழியில்? இவற்றையே இங்கு ஆராய இருக்கிறோம். வினா அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் 2025-ஆம் ஆண்டு மாங்காய் விளைச்சல் பெருகி விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அதன்மேல் மாநில அரசு 4 ரூபாயும் கொடுப்பதென ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். டீஸல் லிட்டர் ஏறத்தாழ நூறு ரூபாய் என்று கணக்கிற்காகக் கொண்டால், ஆலை தரும் விலையில் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மாங்காய் ஈடாகிறது. கடன் வாங்கிப் பிக்கப் வண்டி வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு, நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீணாவது சிறு இழப்பன்று.

சித்தூருக்கும் இவ்வினாவிற்கும் வேறொரு தொடர்பும் உண்டு. இசூசு கம்பெனியின் பிக்கப் வண்டிகள் தயாராகும் தொழிற்சாலை 2016-இல் ஸ்ரீசிட்டியில் தொடங்கப்பட்டது. அப்போது அவ்விடம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கியது. மாவட்டங்களின் எல்லை மாறுவது இப்பகுதிக்குப் புதிதன்று. 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் சென்னை இராஜ்யத்தினின்று ஆந்திரத்திற்குச் சென்றது. 1960-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினாலும் வேலூருக்கும் சென்னைக்கும் ஓடும் வண்டித் தடங்கள் மட்டும் மாறவில்லை. இன்றும் சித்தூர், திருப்பதித் தெருக்களில் இரு மொழியும் கலந்தே வண்டி வாடகை பேசப்படுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை நாம் இன்னும் மைலேஜ் என்றே கூறி வருகிறோம். மைல் கற்கள் மறைந்து தலைமுறைகள் கடந்தும், மைல் அந்தச் சொல்லில் குடியிருக்கிறது. அதற்குத் தமிழாக்கம் பலர் செய்து பார்த்தனர். ஓட்டுநர்கள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாமும் மைலேஜ் என்றே கூறுவோம்.

வண்டி சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும்போது எஞ்சின் எதிர்த்துப் போராட வேண்டியவை முக்கியமாக இரண்டு. முதலாவது, சக்கரங்கள் தரையில் அழுந்தி உருள்வதனால் ஏற்படும் தடை. சுமையோடு 3,000 கிலோ எடையுள்ள வண்டியை நல்ல தார்ச் சாலையில் உருட்டிச் செல்ல, சுமார் 36 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமமான விசை வேண்டும். இத்தடை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. இரண்டாவது காற்றின் தடை. இதன் இயல்பே வேறு. வேகம் இரட்டிப்பானால் இது நான்கு மடங்காகும். நடுத்தரப் பிக்கப் வண்டி ஒன்றைக் காற்று எதிர்க்கும் விசை, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பத்துக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 60-இல் அது 21 கிலோ, 80-இல் 38, 100-இல் 59. அதாவது நகரத்திற்குள் காற்று ஒரு பொருட்டே அன்று. நெடுஞ்சாலையில் 80-ஐ எட்டியவுடன் அது சக்கரத்தின் தடையையும் விஞ்சிவிடுகிறது.

காற்றின் தடையை நிர்ணயிப்பவை, வேகம் நீங்கலாக, வண்டியின் வடிவமும் அதன் முகப்பரப்பும் ஆகும். முகப்பரப்பு என்பது நேர் எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரியும் பரப்பு. பிக்கப் வண்டிக்கு அது சுமார் 3 சதுர மீட்டர். இப்போது வண்டியை இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் உயர்த்துகிறோம் என்க. அகலம் 1.85 மீட்டரானால், கூடும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நூற்றுக்கு மூன்று என்ற அளவு. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இதனால் கூடும் தடை ஏறக்குறைய ஒரு கிலோ. அடியில் புகும் காற்று அச்சிலும் குழாய்களிலும் மோதிக் குழம்புவதனால் இன்னும் சிறிது கூடலாம். நூறு கிலோமீட்டர் ஓடினால், இந்த ஒரு கிலோவுக்காகச் செலவாகும் டீஸல் ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. நாணயக் கணக்கில் பத்து ரூபாய்.

இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். வெறும் உயரத்திற்கு இவ்வளவுதான். உயர்த்துதலோடு கூட வருபவற்றிலேதான் உண்மையான செலவு மறைந்திருக்கிறது.

மதனபள்ளியிலிருந்து வரும் தக்காளி வண்டியை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பெட்டிகள் ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேல் இரண்டடி எழும்பி நிற்கின்றன. அந்த இரண்டடி உயரமும் பெட்டிகளின் அகலமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் ஆகிறது. முகப்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதுவும் சரிவான கண்ணாடி அன்று, செங்குத்தான சுவர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 38 கிலோவாக இருந்த காற்றுத் தடை 51 கிலோ ஆகிறது. எஞ்சின் டீஸலிலுள்ள சக்தியில் நூற்றுக்கு முப்பது பங்கை உருப்படியான வேலையாக மாற்றுகிறதென்று கொண்டால், நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் அதிகச் செலவு. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியதைப்போலப் பத்து மடங்குக்கு மேல்! உயர்த்தப்பட்ட வண்டியைக் கண்டால் புருவத்தை நெரிக்கும் நாம், உயர்த்திக் கட்டிய சுமையைக் கண்டும் காணாதவர்போல் போய்விடுகிறோம்.

ஆனால் சுமை ஏற்றினால்தானே வாடகை? உண்மைதான். ஒரே நடையில் அதிகப் பெட்டிகள் செல்வதனால் இரண்டாம் நடை மிச்சமாகுமானால், ஒரு லிட்டர் பெரிதன்று. வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடைக்குள் அச்சுமை அடங்கும் வரையில் அதைக் குறைகூற இடமில்லை. வருந்தத்தக்கது யாதெனில், சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் தட்டிகள் எழும்பி நிற்பதும், காலிப் பெட்டிகள் கூரைக்கு மேலே அடுக்கப்பட்டு வருவதுமேயாகும். அந்த வண்டி எடையைச் சுமக்கவில்லை. காற்றைச் சுமந்துகொண்டு சென்னையிலிருந்து சித்தூர் வரையில் 150 கிலோமீட்டர் ஓடி வருகிறது. அதற்கு யாரும் வாடகை தருவதில்லை.

வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகுமென்பதையும் பார்ப்போம். இரண்டடி மேலெழுந்த சுமையுடன் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின்மீது காற்று 29 கிலோவுக்குக் குறைவாகவே எதிர்க்கிறது. சுமை எழும்பாத வண்டி 80-இல் சந்திக்கும் தடையைவிட இது குறைவு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு நேர இழப்பு முப்பத்தெட்டு நிமிஷம். 2025-ஆம் வருஷத்து மாங்காய்ப் பருவத்தில் ஆலை வாயிலில் நாட்கணக்கில் காத்துக் கிடந்த ஓட்டுநர்களிடம், முப்பத்தெட்டு நிமிஷத்திற்காக விரைந்து சென்றதை என்னவென்று சொல்வது!

இனிப் பெரிய சக்கரங்களின் கதையைக் காண்போம். வண்டியை உயர்த்துகிறவர்களில் பெரும்பாலோர் அத்துடன் நிற்பதில்லை. உயர்ந்த இடைவெளியில் பெரிய டயரைப் பூட்டுகிறார்கள். 17 அங்குல வட்டில் 255/65 என்ற அளவுள்ள டயரின் குறுக்களவு 763 மில்லிமீட்டர். அதே வட்டில் 265/70 என்ற அளவைப் பூட்டினால் 803 மில்லிமீட்டர். வேறுபாடு நூற்றுக்கு ஐந்து. பெரிய டயர் எடை மிக்கது. சேற்று நிலத்திற்கென ஆழமான பற்களுடன் செய்யப்பட்டதாயின் தார்ச் சாலையில் உருள்வதற்கும் அதிக விசை கேட்கும். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் அந்தக் கனத்த சக்கரத்தைச் சுழற்றிவிட வேண்டும். இவையெல்லாம் ஓட்டுநர் உணரக்கூடிய செலவுகள். உணர முடியாதது ஒன்று உண்டு. சக்கரம் ஒரு சுற்றில் முன்னைவிட அதிக தூரம் போகிறது. ஆனால் தூரம் காட்டும் கருவிக்கு அது தெரியாது. பழைய சக்கரமே இருப்பதாக எண்ணிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. கருவி 300 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 315 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

இதன் விளைவு இரு வகைப்படும். முன்பு லிட்டருக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர் ஓடிய வண்டி, டயர் மாற்றிய பிறகு 300 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் கேட்கிறதென்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் 12-க்கு விழுந்துவிட்டதென்று உடையவர் கலங்குகிறார். உண்மையில் ஓடியது 315. ஆதலால் மைலேஜ் 12.6. இழப்பு உண்டு, ஆனால் அவர் நினைத்ததில் ஐந்தில் மூன்று பங்கே. எஞ்சியது கருவியின் மயக்கம்.

மற்றோர் விளைவு இதற்கு நேர்மாறானது. வேகம் காட்டும் முள்ளும் அதே மயக்கத்திற்கு உட்பட்டது. வேகமானிகள் பொதுவாக உள்ளதைவிடச் சற்று மிகையாகக் காட்டுமாறு அமைக்கப்படுவதுண்டு; எப்படியாயினும், முன்பு முள் 80-இல் நின்றபோது வண்டி சென்ற வேகத்தைவிட இப்போது நூற்றுக்கு ஐந்து அதிகமாகச் செல்கிறது. வேகம் ஐந்து கூடினால் காற்றுத் தடை பத்துக் கூடும். இரண்டு அங்குல உயரத்தால் கூடியது மூன்றே அல்லவா? ஆகவே, வண்டி உயர்ந்ததனால் ஆன செலவைவிட, முள் பொய் சொன்னதனால் ஆன செலவு மிகுதி. டயர் மாற்றிய பின்பும் பழைய முள்ளை நம்பி ஓட்டுபவர் தம்மை அறியாமலே வேகமாகச் செல்கிறார். அதற்கான டீஸலையும் கொடுத்துவருகிறார்.

மைலேஜ் பார்ப்பதற்கு எளிய முறை உண்டு. டாங்க்கை நிரப்பிக்கொண்டு, வழக்கமான வழியில் முந்நூறு கிலோமீட்டராவது ஓடி, மீண்டும் அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்ப வேண்டும். டயர் பெரிதாக்கப்பட்டிருந்தால் கருவி காட்டிய தூரத்தோடு நூற்றுக்கு ஐந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அல்லது சாலையோரக் கிலோமீட்டர் கற்களையே எண்ணலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டுவது தகாது. எதிர்க்காற்றும், சுமையும், ஒரு சோதனைச் சாவடியில் ஓடிக்கொண்டே நின்ற எஞ்சினும் கணக்கை மாற்றிவிடும்.

இதுவரை சமதரையையே பேசினோம். திருப்பதிக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. திருமலைக்கு மோட்டார் செல்லும் முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் பாதை 1974-இல் ஏற்பட்டது. இன்று புதிய பாதையில் ஏறிப் பழைய பாதையில் இறங்குகிறோம். அடிவாரத்திற்கும் மேலுள்ள ஊருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஏறும் தூரம் 18 கிலோமீட்டர் அளவு. காய்கறி ஏற்றிய 3,000 கிலோ வண்டி ஒன்று இச்சரிவில் ஏறும்போது, புவியீர்ப்பு மட்டும் சராசரியாக 117 கிலோ விசையுடன் பின்னிழுக்கிறது. அப்போது வேகம் 40-ஐத் தாண்டாதாகையால், காற்றின் தடை பத்துக் கிலோவுக்குள்தான். இங்கே முகப்பரப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, எடையே அனைத்தும். அந்த வண்டியை மேலே சேர்ப்பதற்கு, உருளும் தடையையும் காற்றையும் நீக்கியே, சுமார் இரண்டு லிட்டர் டீஸல் எரிய வேண்டும்.

உயர்த்துவதற்காகச் சேர்த்த இரும்பும், கனத்த டயர்களும், முன்பக்கக் கம்பிச் சட்டமும், தட்டிகளும் சேர்ந்து நூறு கிலோ இருக்குமென்று கொள்வோம். ஒவ்வொரு முறை திருமலைக்கு ஏறும்போதும் அந்த நூறு கிலோவுக்கென்று ஒரு லிட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு செலவாகும். ஒரு நடைக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. நாள்தோறும் இரு நடை ஏறும் வண்டிக்கு ஆண்டு முடிவில் அது நாலாயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். இறங்கும்போது திரும்பக் கிடைக்காதோ என்றால், கிடைக்காது. ஏறுவதில் சேமித்த சக்தி முழுவதையும் இறக்கத்தில் பிரேக்கின் வெப்பமாகவும் எஞ்சினின் தடையாகவும் செலவழித்தே கீழே வருகிறோம். சித்தூரிலிருந்து பலமநேருக்கு மொகிலி மலைவழியே ஏறும் வண்டிகளுக்கும் இக்கணக்கே பொருந்தும்.

பெரிய டயர் மலையில் வேறு விதமாகவும் தொல்லை தரும். சக்கரம் பெருத்ததனால் ஒவ்வொரு கியரும் சற்று நீண்டுவிட்டது போலாகிறது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் இப்போது எஞ்சின் திணறுகிறது. ஓட்டுநர் இரண்டுக்கு இறங்கி எஞ்சினை அலற விடுகிறார். அன்றியும், வண்டியின் உடலும் சுமையும் உயர்ந்தபடியால் பளுவின் மையமும் மேலே சென்றுவிடுகிறது. கொண்டையூசி வளைவில் அது வெளிப்பக்கமாகச் சாயும் நாட்டம் கூடும். டீஸலைப் பற்றிய கட்டுரையில் உயிரைப் பற்றிப் பேசுவது விலகிச் செல்வதாகாது என்று எண்ணுகிறேன்.

பின்புறம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுவது இப்பகுதியில் மிகவும் பரவியுள்ள வழக்கம். இதன் நோக்கம் உயரமன்று. அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றினாலும் வண்டி அமுங்காமல் நிற்க வேண்டுமென்பதே. பட்டை எடையைத் தாங்கும். ஆனால் பிரேக்கும், அச்சும், டயரும் பழையனவே. எண்ணெய்ச் செலவின் பக்கமாகப் பார்த்தாலும் இது இலாபமன்று. ஏற்றப்படும் ஒவ்வொரு ஆயிரம் கிலோவும் சமதரையில் 12 கிலோ உருள்தடையைக் கூட்டுகிறது. மலையில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கூட்டுகிறது. டயரில் காற்றுக் குறைந்திருந்தால் இன்னும் அதிகமாகும்.

உயர்த்துவதற்குத் தக்க காரணமே இல்லையென்று கூறிவிட முடியாது. மழைக்குப் பின் மாந்தோப்புக்குள் செல்லும் வண்டித்தடத்தில் நடுமேடு ஓர் அடி உயர்ந்திருக்கும். ஏரிக்கரையிலும் ஓடைத்துறையிலும் தாழ்ந்த வண்டியின் அடிப்புறம் இடித்து எண்ணெய்ச் சட்டி உடையும். அத்தகைய நிலத்தில் வாழ்பவருக்கு நூறு கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனால் அவர்களுக்கு ஏற்றது, தொழிற்சாலையே உயரமாகச் செய்து அனுப்பும் வண்டி. வீட்டிற்கு அருகிலுள்ள பட்டறையில் உயர்த்துவதைச் சட்டம் ஏற்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பினின்று வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உடையவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு மாநிலத்தில் பதிவு செய்து மற்றொரு மாநிலத்தில் வாழ்பவர்கள் இதில் கூடுதலாக எச்சரிக்கையுடன் இருத்தல் நலம். ஊர்ச் சாவடியில் தெரிந்த முகமென்று விட்டுவிடுவார்கள். எல்லை கடந்தால் அந்தச் சலுகை இராது. விபத்து நேர்ந்தால், பதிவுச் சான்றில் கண்டபடி வண்டி இல்லையென்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வினா எழுப்பவும் இடமுண்டு.

முன்னரே உயர்த்தப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் உடனே செய்யக்கூடியவை இரண்டு. திரும்பி வரும்போது தட்டிகளைக் கழற்றித் தளத்தில் படுக்கவைத்து, காலிப் பெட்டிகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகிக் கூரைக்குக் கீழே அடக்கலாம். டயரின் காற்றை, ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளில் சுமைக்கேற்பக் குறித்திருக்கும் அளவுக்கு நிரப்பலாம். அளவு மாற்றிய டயருக்கு அத்தாள் பொருந்தாதாகையால் டயர்க் கம்பெனியின் அட்டவணையைக் கேட்டுப் பெற வேண்டும். காற்றை அளந்து பார்ப்பதற்கு, வண்டி கிளம்புமுன் விடியற்காலையே ஏற்ற நேரம். வெயிலில் ஓடிவந்து சூடேறிய டயர் அதிகமான அழுத்தத்தைக் காட்டும்.